மரத்துப்போன இரண்டு உதடுகள்

நண்டு என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. எதையாவது பிடித்தால் லேசில் விடமாட்டாள் என்பதால் அம்மா வைத்த செல்லப்பெயர் அது. கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் அப்பாவின் மீசையைப் பிடித்துவிட்டாள். அதை விடுவிப்பதற்குள் அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்போது ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். மீசையை விட்டுவிட்டு, கேள்விகளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டில் எது அதிகம் வலிக்கிறது என்று கேட்டால், "மீசையே தேவலாம்" என்பார் அப்பா.

அப்பாவுக்கு மீன்தொட்டிகளைச் சுத்தம் செய்கிற வேலை. ஒரு ஸ்கூட்டர், இரண்டு வாளிகள், நீளமான பிளாஸ்டிக் குழாய், கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்ட ஒரு பிளேடு, ஒரு பழைய துண்டு. அவருடைய கடையே அவ்வளவுதான். வீடு, ஓட்டல், அலுவலகம் என்று எங்கே மீன்தொட்டி இருக்கிறதோ அங்கே போவார்.

அந்த வேலையில் ஒரு வித்தை உண்டு. தொட்டியிலிருந்து அழுக்குத் தண்ணீரை வெளியே எடுக்க வேண்டும் அல்லவா? குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விடுவார். மறுமுனையை வாயில் வைத்து ஒரே ஒரு உறிஞ்சு. தண்ணீர் குழாயில் ஏறி, வளைந்து, கீழே இறங்கி வரும். உதட்டைத் தொடுகிற நேரத்தில் சடக்கென்று குழாயை எடுத்து வாளிக்குள் விட்டுவிடுவார். அப்புறம் தண்ணீர் தன்பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருக்கும்.

"இத்தனை வருஷத்துல ஒரு சொட்டு முழுங்கினதில்ல, தெரியுமா?" என்று அப்பா பெருமை அடித்துக்கொள்வார்.

"துப்பினது எத்தனை சொட்டு?" என்று அம்மா கேட்பாள்.

உடனே அப்பாவுக்கு ஸ்கூட்டரைத் துடைக்கிற வேலை வந்துவிடும்.

அன்று விடுமுறை. நண்டுவின் பால்பல் ஒன்று விழவும் மாட்டேன், இருக்கவும் மாட்டேன் என்று பல நாளாக ஆடிக்கொண்டிருந்தது. பல் டாக்டர் அம்மாவின் வரவேற்பறையில் இருந்த மீன்தொட்டியும் அப்பாவின் பொறுப்பில்தான் இருந்தது. "ஒரே பயணம், ரெண்டு வேலை" என்று சொல்லி, அப்பா நண்டுவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார்.

டாக்டர் அம்மாவின் தொட்டி மற்றவற்றைப் போல இல்லை. அதில் இருந்தது கடல்தண்ணீர். மீன்களும் கடல்மீன்கள். நடுவில் ஒரு பாறைத்துண்டு. அதன்மேல் ஊதாவும் பச்சையுமாக, சட்டைப் பொத்தான் அளவில் என்னவோ கூட்டமாக விரிந்திருந்தது. பார்த்தால் பூ. ஆனால் பூ இல்லை. அவையும் உயிருள்ள கடல் பிராணிகள்தான், பாறையை விட்டு நகராத பிராணிகள். அப்பா அவற்றைப் 'பொத்தான் பூ' என்பார்.

"எவ்ளோ அழகா இருக்குப்பா!" என்றாள் நண்டு, கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு.

"அழகுதான். ஆனா ஒரேயடியா பரவிடுச்சு. பக்கத்துல இருக்கிற எதையும் வளர விடல. பாறையையே எடுத்துச் சுத்தம் பண்ணிக் கொண்டாங்கன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. வீட்டுக்குக் கொண்டுபோய் நல்லா கொதிக்கிற தண்ணிய ஊத்திச் சுரண்டினா, கல்லு பளிச்சுன்னு ஆயிடும்."

நர்ஸ் அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "ஆடுற பல்லு யாரோடது? உள்ள வரலாம்."

நண்டு உள்ளே போனாள். நாற்காலி சாய்ந்தது. விளக்கு முகத்துக்கு மேலே வந்தது. டாக்டர் அம்மா கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு குழாயிலிருந்து வழவழவென்று ஏதோ மருந்தைப் பஞ்சில் எடுத்தார்.

"ஊசியா?" என்று கேட்டு நண்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஊசி எல்லாம் எதுக்கு? விழத் தயாரா இருக்கிற பல்லுதானே. இதைத் தடவினாப் போதும்."

ஈறிலும் உதட்டின் உள்பக்கத்திலும் மருந்தைத் தடவினார். கொஞ்ச நேரத்தில் உதடு தன்னுடையதே இல்லை என்பது போல ஆகிவிட்டது. நண்டு விரலால் அதைத் தட்டிப் பார்த்தாள். ரப்பரைத் தட்டுவது போல இருந்தது.

கேள்வி வந்துவிட்டது. வந்தால் கேட்காமல் இருப்பாளா?

"டாக்டர், நீங்க மேலாகத்தானே தடவினீங்க? அது எப்படி உள்ள போச்சு?"

"அடேயப்பா! பல்லைப் பிடுங்க வந்தவ என்னையே பிடுங்குறியே!" என்று சிரித்தார் டாக்டர். "கையைக் காட்டு."

அதே மருந்தை நண்டுவின் புறங்கையில் ஒரு பொட்டு வைத்தார். "மரத்துப் போகுதான்னு பாத்துக்கிட்டே இரு."

நண்டு பார்த்தாள், கிள்ளினாள். வலித்தது. மறுபடி கிள்ளினாள். நன்றாகவே வலித்தது.

"ஒண்ணுமே ஆகலையே!"

"ஆகாது. வெளித்தோலுக்கு மேல காய்ஞ்சு போன செல்லுங்க அடுக்கடுக்கா இருக்கும். மழைக்கோட்டு போட்ட மாதிரி. வாய்க்கு உள்ள அந்தக் கோட்டு கிடையாது. அங்க இருக்கிறது ஈரமான, ரொம்ப மெல்லிசான ஒரு தோலு. அதுக்குக் கீழேயே ரத்தக்குழாய், நரம்பு எல்லாம் இருக்கு. அதான் மேல தடவினா சட்டுனு உள்ள போயிடுது."

"கையில மழைக்கோட்டு கிழிஞ்சிருந்தா?"

"காயமா? அப்போ அது வழியாவும் போகும். போதும், ஆ காட்டு."

நண்டு ஆ காட்டினாள். பல் எப்போது வந்தது என்றே தெரியவில்லை. அது இருந்த இடத்தில் டாக்டர் ஒரு பஞ்சு உருண்டையை வைத்தார்.

"அரைமணி நேரம் இதைக் கடிச்சுக்கிட்டே இருக்கணும். பேசக் கூடாது."

வெளியே அப்பா வேலையை முடித்துவிட்டிருந்தார். பாறைத்துண்டு மூடி போட்ட வாளிக்குள் இருந்தது. தொட்டியில் புதுத் தண்ணீர் பளபளத்தது. அப்பா துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய ஆள்காட்டி விரலில் கோடு போட்டது போல ரத்தம். பாறையை எடுக்கும்போது பிளேடு பட்டதாம்.

"அரைமணி நேரம் பேசக் கூடாதுங்க" என்றார் நர்ஸ் அக்கா.

"அரைமணி நேரம்தானா? ஒரு வாரம்னு சொல்லுங்கம்மா, புண்ணியமாப் போகும்" என்றார் அப்பா.

நண்டு முறைத்தாள். அப்பா தன் உதட்டைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

"கவலைப்படாத நண்டு. உனக்குத் துணையா எனக்கும் உதடு மரத்துப் போச்சு. வாயில வேற ஏதோ இரும்புச் சாவியைப் போட்டு வச்ச மாதிரி ஒரு ருசி."

சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

அவளுடைய உதட்டில் டாக்டர் மருந்து தடவினார், அதனால் மரத்துப் போனது. அப்பாவின் உதட்டில் யார் தடவினார்கள்?

ஸ்கூட்டர் கிளம்பியது. வாளி அப்பாவின் கால்களுக்கு நடுவில். நண்டு பின்னால். அந்தக் கேள்வி அவளை விடவில்லை, அவளும் அதை விடவில்லை. அப்பா டாக்டரிடம் போகவே இல்லை. அந்த மருந்தைத் தொடக்கூட இல்லை. அவர் வாயில் வைத்தது ஒன்றே ஒன்றுதான். குழாய். குழாயில் வந்தது அந்தத் தொட்டியின் தண்ணீர்.

வழக்கமாகத்தான் உறிஞ்சுகிறார், வழக்கமாக இப்படி ஆனதில்லை. இன்று மட்டும் என்ன புதிது? இன்றுதான் அந்தப் பாறையைக் கிளப்பினார். பொத்தான் பூக்கள் நசுங்கியிருக்கும், கிழிந்திருக்கும். அவற்றின் சாறு தண்ணீரில் கலந்திருக்கும். அதற்கு அப்புறம்தான் தண்ணீரை உறிஞ்சியிருப்பார்.

நண்டு அப்பாவின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சிவப்பு விளக்கில் ஸ்கூட்டர் நின்றபோது அவளுக்கு உதட்டில் குறுகுறுவென்று உணர்ச்சி திரும்பிக்கொண்டிருந்தது. அப்பாவின் முதுகைத் தட்டினாள். தன் உதட்டைத் தொட்டுக் காட்டி, அப்பாவின் பக்கம் கையை நீட்டி, 'உங்களுக்கு?' என்பது போல விரல்களை விரித்தாள்.

"எனக்கா? கன்னம் வரைக்கும் வந்துடுச்சு" என்றார் அப்பா. "சரியாயிடும், விடு."

விடுவதா? அவளா?

வீட்டில் பின்பக்கத்துத் துணி துவைக்கிற இடத்துக்கு அப்பா வாளியை நேராகக் கொண்டுபோனார். அடுப்பில் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியிருந்தது. வரும்போதே போனில் அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தார். தங்கச்சிப் பாப்பா சமையலறைத் தரையில் தவழ்ந்துகொண்டு, கிடைத்த கரண்டியை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தாள். அவளுக்கு உலகத்தில் எல்லாமே சாப்பாடுதான்.

"தண்ணி ரெடியா? சாயங்காலத்துக்குள்ள கல்லை மறுபடி தொட்டியில வைக்கணும்" என்று அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டார். வெறும் கை. விரலில் புதுக் காயம்.

நண்டு போய் வாளியின் மூடிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எழுந்திரு."

நண்டு தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

"விளையாட்டா? எழுந்திருன்னு சொல்றேன்ல."

"ம்ஹும்" என்றாள் நண்டு பஞ்சுக்குள்ளிருந்து.

"ஏங்க, பல்லு பிடுங்கின பிள்ளைய எதுக்கு அதட்டுறீங்க?" என்று அம்மா பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். "என்னடி, வலிக்குதா?"

இதற்கு மேல் பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தால் காரியம் நடக்காது. நண்டு அதை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"அரைமணி நேரம் ஆகலையே!" என்றார் அப்பா.

"அப்பா, உங்க உதடு ஏன் மரத்துப் போச்சு?"

"எனக்கு எப்படித் தெரியும்? உப்புத் தண்ணி பட்டிருக்கும்."

"கடல்ல குளிச்சா எல்லாருக்கும் உதடு மரத்தா போகுது?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"அந்தப் பொத்தான் பூவுல ஏதோ விஷம் இருக்கு. நீங்க அதைக் கிளப்பினீங்க, அது தண்ணியில கலந்துடுச்சு. அதை நீங்க வாயால உறிஞ்சினீங்க. வாய்க்குள்ள மழைக்கோட்டு கிடையாது, டாக்டர் சொன்னாங்க. சட்டுனு உள்ள போயிடும். இப்ப அதுல கையை விடப்போறீங்க. விரல்ல காயம். அந்த இடத்துலயும் கோட்டு கிழிஞ்சிருக்கு!"

"என்ன கோட்டு? யாரு கிழிச்சா?" என்றாள் அம்மா. அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"மீன்தொட்டிய நான் பாக்கிறேனா, இவ பாக்கிறாளா?" அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவருக்குக் கோபம் வருவது அபூர்வம். "எத்தனை வருஷமா இந்தத் தொழில் பண்றேன்! ஒருநாளாவது எனக்கு ஏதாவது ஆகியிருக்கா? எழுந்திரு நண்டு, வேலை கெடுது!"

நண்டுவுக்கு அழுகை வந்தது. அப்பா அவளிடம் இப்படிக் கத்தியதே இல்லை. கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. அழுதாள், ஆனால் எழுந்திருக்கவில்லை. வாளியின் கைப்பிடியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொல்றது தப்புன்னா காட்டுங்க. நானே எழுந்திருக்கிறேன்."

"எப்படிக் காட்டுறது?"

"அம்மா, பற்பசையை எடுத்துட்டு வா. நல்லா சுள்ளுனு இருக்குமே, அது."

அம்மா போய் எடுத்துவந்தாள். ஏன் என்று கேட்கவில்லை. மகள் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் சீக்கிரம் முடிவதற்கு அதுதான் வழி என்று அவளுக்குத் தெரியும்.

நண்டு முதலில் தன் உதட்டின் உள்பக்கம் கொஞ்சம் தடவிக்கொண்டாள். "ஸ்ஸ்ஸ்! எரியுது. எனக்குப் போட்ட மருந்து போயிடுச்சு. இப்ப நீங்க."

அப்பா சலித்துக்கொண்டே விரலில் பற்பசையை எடுத்தார்.

"காயம் இல்லாத விரல்!" என்றாள் நண்டு.

அப்பா விரலை மாற்றினார். உதட்டுக்குள் தடவினார். காத்திருந்தார். முகம் மெல்ல மாறியது. இன்னும் கொஞ்சம் எடுத்துத் தடவினார்.

"எரியுதா?"

"இல்ல."

"சில்லுனு இருக்கா?"

"இல்ல" என்றார் அப்பா மெதுவாக. "தடவினதே தெரியல."

"எனக்கு டாக்டர் மருந்து போட்டாங்க. அது போயே போச்சு. உங்களுக்கு யாருமே போடல. ஆனா இன்னும் இருக்கு, கன்னம் வரைக்கும் வந்திருக்கு. அது எங்கேருந்து வந்துச்சுப்பா?"

அப்பா தன் மகள் உட்கார்ந்திருந்த வாளியைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அம்மா போய் அடுப்பை அணைத்தாள். அப்படியே போனை எடுத்துப் பல் டாக்டரைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள். பாதிதான் அம்மாவால் சொல்ல முடிந்தது. மீதியை நண்டு வாளிமேல் உட்கார்ந்தபடியே கத்திச் சொன்னாள்.

"எனக்குப் பல்லைப் பத்தித்தான் தெரியும். கடல் பிராணியப் பத்தித் தெரியாது" என்றார் டாக்டர். "விஷத் தகவல் மையம்னு ஒண்ணு இருக்கு. அவங்களைக் கேட்டுட்டு உடனே கூப்பிடுறேன். அதுவரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க."

உடனே என்றுதான் சொன்னார். ஆனால் அந்த நேரம் நகரவே மாட்டேன் என்றது. பாப்பா அம்மாவின் தோளைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். டாக்டரின் குரலில் சிரிப்பு கொஞ்சமும் இல்லை.

"தண்ணி ஊத்திட்டீங்களா?"

"இல்லைங்க" என்றாள் அம்மா.

"அப்பாடா!" டாக்டர் மூச்சை விட்டது எல்லோருக்கும் கேட்டது. "ஊத்தவே கூடாது. அந்தப் பிராணிகள்ல சில வகைக்கு உள்ள ரொம்பப் பொல்லாத விஷம் இருக்காம். எதுல இருக்கு, எதுல இல்லைன்னு கண்ணால பாத்துச் சொல்ல முடியாதாம். வெந்நீர் ஊத்தினா அந்த ஆவியோட விஷமும் கிளம்பும். மூக்கு, வாய், கண்ணுன்னு ஈரமா இருக்கிற இடம் வழியாப் போகும். வீட்ல இருக்கிற எல்லாருமே ஆஸ்பத்திரியில படுத்திருப்பீங்க. கைக்குழந்தை வேற இருக்கு."

அம்மா பாப்பாவை இறுக்கிக்கொண்டாள்.

"அவரை வாய் கொப்பளிச்சுத் துப்பச் சொல்லுங்க. முழுங்கக் கூடாது. கையை, முக்கியமா அந்தக் காயத்தை, குழாய்த் தண்ணியில சோப்புப் போட்டு நல்லாக் கழுவச் சொல்லுங்க. உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. வாளியை மூடியபடியே வெளிய வைங்க. அதை எடுத்துட்டுப் போக ஆள் வருவாங்க."

"இப்ப நான் எழுந்திருக்கலாமா?" என்று நண்டு கேட்டாள்.

அப்பா அவள் பக்கத்தில் வந்து குனிந்தார். அவள் தலையில் கை வைக்கப் போனவர், கையைப் பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டார். "இரு, கழுவிட்டு வரேன்" என்றார்.

ஆஸ்பத்திரியில் அப்பாவின் மார்பில் ஒயர்களை ஒட்டி, இதயம் எப்படித் துடிக்கிறது என்று பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். இதற்கென்று மாற்று மருந்து எதுவும் கிடையாதாம். கூடவே இருந்து கவனிப்பதுதான் வைத்தியமாம். அப்பாவுக்குக் கையும் காலும் வலித்தன. நண்டு கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவ்வப்போது "இப்ப?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"கன்னத்துக்கு உணர்ச்சி வந்துடுச்சு" என்றார் அப்பா ஒருமுறை.

"இப்ப?"

"மேல் உதடு வந்துடுச்சு."

"இப்ப?"

"நண்டு, கீழ் உதடு வர்றதுக்குள்ள என் உசுரு போயிடும்போல இருக்கு, உன் கேள்வியில!"

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். அம்மாவும் சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அப்போதுதான்.

அங்கே வேலை பார்த்த ஒரு டாக்டர், கையில் இருந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கொஞ்சம்தான் உள்ள போயிருக்கு. நல்லவேளை, சீக்கிரம் வந்துட்டீங்க. அந்த ஆவியை மூச்சுல இழுத்திருந்தா விஷயமே வேற."

அப்பா நண்டுவின் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த முறை அவர்தான் விடவில்லை.

மறுநாள் வீட்டுக்கு வந்தார்கள். கடல் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து முகமூடி, கண்ணாடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு வந்த இரண்டு பேர் வாளியையே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தடிமனான கையுறை ஒரு ஜோடியை அப்பாவுக்குக் கொடுத்தார்கள். "கடல் தொட்டியில கையை விட்டா இது கட்டாயம். காயம் இல்லாத தோலையும் முழுசா நம்ப முடியாது" என்றார்கள்.

கையுறை விஷயம் முடிந்தது. வாய் விஷயம் முடியவில்லை.

"வாயால உறிஞ்சாம எப்படித் தண்ணி வரும்?" என்று அப்பா தலையைச் சொறிந்தார். "கடல் தொட்டிய வேணும்னா விட்டுடறேன்."

"மத்த தொட்டி மட்டும் என்ன சுத்தமா? மீன் அதுலதானே சாப்பிடுது, அதுலதானே எல்லாம் பண்ணுது" என்றாள் நண்டு.

அப்பாவின் முகம் கோணியது. இத்தனை வருஷம் அதை அவர் யோசிக்கவே இல்லை போலிருக்கிறது. அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

நண்டு குழாயை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள். ஒரு வாளித் தண்ணீரை முக்காலிமேல் வைத்தாள். காலி வாளியைக் கீழே வைத்தாள். வாயால் உறிஞ்சும்போது என்ன நடக்கிறது? குழாய் முழுக்கத் தண்ணீர் நிறைகிறது. அவ்வளவுதானே? அப்படியென்றால் முன்னாலேயே நிறைத்துவிட்டால் என்ன?

முதல் தடவை குழாய் நழுவிச் சுவரெல்லாம் தண்ணீர். அடுத்த தடவை நண்டுவின் தலையெல்லாம் தண்ணீர். அதற்கடுத்த தடவை, என்ன நடக்கிறது என்று பார்க்க வந்த அம்மாவின் மேலெல்லாம் தண்ணீர். உள்ளேயிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு அப்பா இரண்டு முறை எழுந்தார், இரண்டு முறையும் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா, வாங்க!"

அப்பா போனார். நண்டு சொட்டச் சொட்ட நின்றாள். குழாயின் ஒரு முனையைச் சுவரில் இருந்த தண்ணீர்க் குழாயில் பொருத்தி, மறுமுனை வழியாக வழிகிற வரை நிறைத்தாள். இரண்டு முனைகளையும் கட்டைவிரல்களால் அழுத்தி மூடினாள். ஒரு முனையை மேல்வாளித் தண்ணீருக்குள் முக்கி விரலை எடுத்தாள். மறுமுனையைக் கீழ்வாளிக்கு இறக்கி அந்த விரலையும் எடுத்தாள்.

தண்ணீர் சலசலவென்று கொட்டத் தொடங்கியது. நிற்கவே இல்லை.

அப்பா குனிந்து கீழ்வாளியைப் பார்த்தார். நிமிர்ந்து மேல்வாளியைப் பார்த்தார். "இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதான்."

"இத்தனை வருஷமா நான் எத்தனை தொட்டித் தண்ணிய..." என்று ஆரம்பித்தவர், கணக்குப் பார்க்க வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டார்.

உடம்பு தேறியதும் அப்பா பல் டாக்டரின் தொட்டிக்குப் போனார். பல் பிடுங்கிய இடத்தைக் காட்ட நண்டுவும் கூடப் போனாள். தொட்டியில் பாறை இருந்த இடத்தில் இப்போது வெறும் மணல்தான். ஆரஞ்சு நிற மீன் ஒன்று அங்கே குழி பறித்துக்கொண்டிருந்தது. விஷம் கலந்த தண்ணீரெல்லாம் ஆராய்ச்சிக் கூடத்து ஆட்களால் மாற்றப்பட்டு, கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

அப்பா கையுறை மாட்டினார். குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டார். மறுமுனையை எடுத்தார். கை தன்பாட்டுக்கு மேலே ஏறி, உதட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பழகிய கை, அதற்கு என்ன தெரியும்?

நண்டு பையிலிருந்து பற்பசையை எடுத்து உயர்த்திக் காட்டினாள்.

அப்பாவின் கை அப்படியே இறங்கியது. "தெரியும், தெரியும்" என்று முணுமுணுத்துக்கொண்டே, குழாயை நர்ஸ் அக்கா காட்டிய கைகழுவும் இடத்துக்குக் கொண்டுபோய் நிறைத்தார். இரண்டு விரல்கள், ஒரு முக்கு, ஒரு இறக்கு. தண்ணீர் வாளிக்குள் சலசலவென்று கொட்டியது.

காத்திருந்தவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். டாக்டர் அம்மா வாசலில் சாய்ந்து நின்று, "இதைக் கண்டுபிடிச்சது யாரு?" என்று கேட்டார்.

"எங்க வீட்டு நண்டு" என்றார் அப்பா. "பிடிச்சா விடாது. நல்லவேளை, விடல."

நண்டுவுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. பல் இல்லாத இடம் தெரிகிற மாதிரி சிரித்தாள்.

தண்ணீர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் வாய்க்கு இப்போது ஒரு வேலையும் இல்லை. எனவே அவர் பாட ஆரம்பித்தார். உச்சக் குரலில், ராகம் எங்கே, தாளம் எங்கே என்று தெரியாமல். மீன்களெல்லாம் தொட்டியின் மூலைக்குப் போய் ஒதுங்கின. டாக்டர் அம்மா அறைக்கதவைச் சாத்திக்கொண்டார்.

நண்டு மட்டும் அப்பாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து, கடைசிவரை அந்தப் பாட்டைக் கேட்டாள்.